ரெகவரி டிஸ்க் இல்லாத லேப்டாப்பில் விண்டோஸை மீண்டும் நிறுவுவது எப்படி?

கேள்வி: 2018இல் வாங்கிய லேப்டாப். ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பத்து நாளாக ஆன் செய்தால் "ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று வருகிறது, திரை கறுப்பாகிறது, திரும்பவும் அதுவே வருகிறது. வாங்கும்போது சிடி எதுவும் தரவில்லை. அடியில் உள்ள ஸ்டிக்கரிலும் கீ எண் இல்லை. "ஒரிஜினல் சிடி இல்லாமல் பழைய விண்டோஸைப் போட முடியாது, ப்ரோ போட்டு ஆக்டிவேட் பண்ணித் தருகிறோம், 1,500 ரூபாய்" என்கிறார்கள் பக்கத்துக் கடையில். மூன்று கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறேன். தமிழில் டைப் செய்த கேள்வித்தாள்கள், விண்ணப்பங்கள் நிறைய உள்ளே இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: வணக்கம். கடையில் சொன்ன ப்ரோவுக்கு, அதாவது விண்டோஸின் வேறொரு பதிப்புக்கு, ஒப்புக்கொள்ளாதீர்கள். விண்டோஸுக்கான விலையை 2018இலேயே லேப்டாப்போடு சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்த உரிமம் இப்போதும் உங்கள் லேப்டாப்பின் மதர்போர்டில்தான் இருக்கிறது.

விண்டோஸ் 7 காலம் வரை, 25 எழுத்துள்ள கீ லேப்டாப்பின் அடியிலோ பேட்டரிக் குழிக்குள்ளோ ஒட்டிய ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து முறை மாறிவிட்டது. தயாரிக்கும் நிறுவனமே கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேர் சிப்பில் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் இருக்கும் சிப்) எழுதிவிடுகிறது. ஸ்டிக்கரில் எண் இல்லாததற்குக் காரணம் இதுதான். விண்டோஸை மறுபடி நிறுவும்போது நிறுவும் நிரல் அந்த கீயைத் தானாகவே படித்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் உரிமம் போகாது. மதர்போர்டை மாற்றினால்தான் போகும். சிடியின் வேலை ஃபைல்களைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும்தான். அதே ஃபைல்களை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது.

ஆனால் இன்றைக்கே விண்டோஸ் போட உட்கார்ந்துவிடாதீர்கள். ஆட்டோமேட்டிக் ரிப்பேர் சுற்றிச்சுற்றி வருவதற்கு விண்டோஸ் ஃபைல்கள் கெட்டிருப்பது ஒரு காரணம். ஏழெட்டு வருடம் ஓடிய ஹார்ட் டிஸ்க் கெட ஆரம்பித்திருப்பது இன்னொரு காரணம். இரண்டாவது என்றால், புதிதாகப் போட்ட விண்டோஸும் சில வாரங்களில் இதே இடத்தில் வந்து நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, நிறுவும்போது டேலி கணக்கும் சேர்ந்து அழிந்துவிடுவது. அதனால் முதலில் தரவை வெளியே எடுங்கள், அடுத்து டிஸ்க்கைச் சோதியுங்கள், விண்டோஸ் அதற்குப் பிறகு.

தரவை எடுக்க விண்டோஸ் ஓட வேண்டிய அவசியமில்லை. ஒரு 8 ஜிபி பென்டிரைவ், தரவைக் காப்பி செய்ய ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், அரைமணி நேரம் கடன் வாங்க நன்றாக ஓடும் ஒரு கணினி, இவ்வளவு போதும். அந்தக் கணினியில், விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இலவச அமைப்பான லினக்ஸ் மிண்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலையும் (முழு அமைப்பும் அடங்கிய ஒரே ஃபைல், சுமார் 3 ஜிபி), அதைப் பென்டிரைவில் எழுதித்தரும் ரூஃபஸ் என்ற சிறிய இலவச நிரலையும் இறக்குங்கள். ரூஃபஸில் பென்டிரைவைத் தேர்ந்து, ஐஎஸ்ஓவைக் காட்டி, ஸ்டார்ட் கொடுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தது எல்லாம் அழிந்துவிடும். குடும்பப் படங்கள் இருக்கும் பென்டிரைவை இதற்கு எடுக்காதீர்கள்.

பென்டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்தவுடன், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 பல நேரம் வேலை செய்யாது, ஏனென்றால் அது அணைக்கப்பட்டே வருகிறது. எஃப்2 தட்டி பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், மெயின் பக்கத்தில் "எஃப்12 பூட் மெனு" என்பதை எனேபிள் செய்து சேமித்துவிட்டு வாருங்கள். லெனோவோவின் சில மாடல்களில் பக்கவாட்டில் ஊசித்துளை போல ஒரு நோவோ பட்டன் இருக்கும். அணைந்திருக்கும்போது அதைக் குத்தினாலும் இதே மெனு வரும்.

மிண்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாது. டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் என்று ஒரு ஐகான் இருக்கும். அதைத் தொட வேண்டாம். ஃபைல்ஸைத் திறந்தால் இடப்பக்கம் உங்கள் சி, டி டிரைவ்கள் அளவோடு தெரியும். விண்டோஸ் சரியாக அணையாததால் "ரீட் ஒன்லி" என்று சொல்லலாம். கவலை வேண்டாம், காப்பி எடுக்கப் படிக்க முடிந்தாலே போதும். பூட்டுப் படம் தெரிந்து பாஸ்வேர்ட் கேட்டால் டிரைவ் பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்தே நுழைந்து பார்க்கலாம்.

என்னென்ன எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. டேலி பிரைம் தன் தரவைப் பெரும்பாலும் யூசர்ஸுக்குள் இருக்கும் பப்ளிக் ஃபோல்டரில், டேலி பிரைம், டேட்டா என்ற வரிசையில் வைக்கிறது. பழைய டேலியை நேராக சி அல்லது டி டிரைவில் போட்டிருந்தால் அங்கே தேடுங்கள். டேட்டா ஃபோல்டருக்குள் 10000, 10001 என்பதுபோல எண்களே பெயராக உள்ள ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. மூன்று கடை என்றால் குறைந்தது மூன்று ஃபோல்டர்கள் வந்துவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். டேலி சீரியல் எண்ணும், டேலி டாட் நெட் ஐடியாக இருக்கும் மின்னஞ்சலும் அதன் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். உரிமத்தைப் புதிய விண்டோஸில் ரீஆக்டிவேட் செய்ய அவை வேண்டும்.

அடுத்து ஃபான்ட். பழைய கேள்வித்தாள்களை பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் டைப் செய்திருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பதே அரைப்புள்ளி விசையில்தான். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துக்கொண்டால் இந்த அவதி இல்லை. 2018 கடைசிக்குப் பிறகு நிறுவிய ஃபான்ட்கள் உங்கள் யூசர் ஃபோல்டரில், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் மறைந்திருக்கலாம். யூசர்ஸை முழுதாக எடுத்திருந்தால் அதுவும் வந்திருக்கும். ஆப்டேட்டா மறைவான ஃபோல்டர் என்பதால், மிண்ட்டில் கன்ட்ரோல்-ஹெச் அழுத்தி அது தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை மட்டும் இப்படி எடுக்க முடியாது. அவை பழைய விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரைக் காப்பி செய்தாலும் திறக்காது. கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருந்தால் திரும்ப வரும். ஆகியிருக்காவிட்டால் ஜிஎஸ்டி, வங்கி பாஸ்வேர்டுகளை அந்தந்தத் தளத்தில் ரீசெட் செய்துகொள்ள வேண்டியதுதான்.

காப்பி ஓடும்போது ஒரு ஃபைலில் வெகுநேரம் நின்றுவிட்டாலோ, உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, டிஸ்க் கடைசி நிலையில் இருக்கிறது. அதனால் டேலி டேட்டாவை முதலில் எடுங்கள், அடுத்து டாக்குமென்ட்ஸ், படங்களும் வீடியோக்களும் கடைசியில்.

மிண்ட்டில் இருக்கும்போதே டிஸ்க்கையும் சோதித்துவிடுங்கள். மெனுவில் டிஸ்க்ஸ் என்ற நிரலைத் திறந்து, உங்கள் 1 டிபி டிஸ்க்கைத் தேர்ந்து, மேல் மூலையில் உள்ள மெனுவில் ஸ்மார்ட் டேட்டாவை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் பட்டியலை, பாருங்கள். நீண்ட பட்டியல் வரும். இரண்டு வரி போதும். "ரீஅலொகேட்டட் செக்டர் கவுன்ட்" என்பது கெட்டுப்போய் உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) எண்ணிக்கை. "கரன்ட் பெண்டிங் செக்டர் கவுன்ட்" என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டும் 0 என்றால் டிஸ்க்கில் பழுதின் அறிகுறி இல்லை. பெண்டிங் 0ஐத் தாண்டியிருந்தால் அந்த டிஸ்க்கில் விண்டோஸ் போடுவது வீண் வேலை. மேலே "டிஸ்க் இஸ் ஓகே" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நூறு செக்டர் கெட்ட பிறகும் அது ஓகே என்று சொல்வதுண்டு.

உண்மையில், டிஸ்க் நன்றாக இருந்தாலும், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் லேப்டாப்பின் மந்தத்துக்குப் பாதிக் காரணம் சுழலும் டிஸ்க், மீதி 4 ஜிபி ரேம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி, டேலிக்கும் டைப்பிங்குக்கும் தாராளம். பின்மூடியைக் கழற்ற பயமாக இருந்தால் கடையிலேயே கொடுங்கள். ஆனால் சொல்லும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: "எஸ்எஸ்டி மாட்டித் தாருங்கள், விண்டோஸ் போட வேண்டாம், பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பித் தாருங்கள்." பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வைத்தால், எடுக்க மறந்த ஃபைலைப் பிறகும் தேடலாம்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறேன் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ரிப்பேர் தோற்ற பிறகு வரும் நீலத் திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், ரீசெட் திஸ் பிசி என்று போனால் "கீப் மை ஃபைல்ஸ்" கிடைக்கும். நிரல்கள் போகும், உங்கள் ஃபைல்கள் இருக்கும். பழைய டிஸ்க்கிலேயே நிறுவனம் வைத்த ரெகவரி பார்ட்டிஷனும் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) இருக்கக்கூடும். ஹெச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்-எஃப்10, ஆசுஸில் எஃப்9. அதில் வருவது 2018இன் பழைய விண்டோஸும் தேவையில்லாத சோதனை நிரல்களும்தான். சுத்தமாக நிறுவுவது மேல்.

இனி நிறுவல். மீண்டும் அந்தக் கடன் கணினி. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 10 டவுன்லோட் பக்கத்தில் மீடியா கிரியேஷன் டூலை எடுத்து ஓட்டி, "வேறு கணினிக்கு நிறுவல் ஊடகம் உருவாக்கு" என்ற பொருளில் வரும் இரண்டாம் தேர்வைக் கொடுங்கள். அடுத்த திரையில் "இந்தக் கணினிக்குப் பரிந்துரைத்தவை" என்ற டிக்கை எடுத்துவிட்டு, ஆங்கிலம், 64 பிட் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். 4 ஜிபிக்கு மேல் இறங்கும். மொபைல் டேட்டாவில் செய்தால் அன்றைய பேக் தீர்ந்துவிடும். மிண்ட் போட்ட அதே 8 ஜிபி பென்டிரைவையே இதற்கும் பயன்படுத்தலாம், தரவு எல்லாம் பத்திரமாக வெளியே வந்துவிட்டதைச் சரிபார்த்த பிறகு. லேப்டாப்புக்கான வைஃபை டிரைவரை (வைஃபையை இயங்கவைக்கும் நிரல்) நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்கி, அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இதை மறக்காதீர்கள், டிரைவ் பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்து பேக்கப்பையே அழித்துவிடுவது அடிக்கடி நடப்பது.

பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரிந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கும் புதிய முறை) என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மொழி கேட்கும், இன்ஸ்டால் நவ் கொடுங்கள். இப்போது திரையைக் கவனமாகப் பாருங்கள். கீ கேட்காமலும், ஹோமா ப்ரோவா என்று கேட்காமலும் நேராக உரிம ஒப்பந்தப் பக்கத்துக்குப் போனால், மதர்போர்டில் இருந்த கீயை அது படித்துவிட்டது. கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்பதைக் கொடுத்துவிட்டு, வரும் பட்டியலில் "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் விற்கும் வீட்டு உபயோக லேப்டாப்களில் பெரும்பாலும் வருவது இந்தப் பதிப்புதான். வெறும் ஹோம் வேறு, இது வேறு. தவறாக எடுத்தால் உங்கள் உரிமம் பொருந்தாது. ப்ரோ போட்டுவிட்டு அங்கிருந்து ஹோமுக்கு இறங்கவும் வழியில்லை, முதலிலிருந்து மறுபடி நிறுவ வேண்டும். சிங்கிள் லாங்குவேஜ் என்பதைப் பார்த்துத் தமிழ் வராதோ என்று பயப்பட வேண்டாம். மெனுக்களின் மொழிதான் ஒன்று; தமிழ் விசைப்பலகைகளை வழக்கம்போல சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு கஸ்டம் தேர்வு. புதிய எஸ்எஸ்டி என்றால் "அன்அலொகேட்டட் ஸ்பேஸ்" என்று ஒரே வரி தெரியும். அதன்மேல் வைத்து நெக்ஸ்ட் கொடுத்தால் போதும், வேண்டிய பார்ட்டிஷன்களை அதுவே போட்டுக்கொள்ளும். பழைய டிஸ்க் என்றால் அளவைப் பார்த்து எந்த டிரைவ் என்று உறுதிசெய்துகொண்டு, அந்த டிரைவில் உள்ள பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக டெலீட் செய்து ஒரே காலியிடமாக்குங்கள். டி டிரைவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, அதுவும் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும். "டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, நிறுவ முடியாது" என்ற பிழை வந்தாலும் மருந்து இதேதான். எம்பிஆர் என்பது டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை, ஜிபிடி புதியது: யூஇஎஃப்ஐ முறையில் நுழைந்திருக்கும்போது முழுக் காலியிடத்தைக் கொடுத்தால் அதுவே ஜிபிடி முறைக்கு மாற்றிக்கொள்ளும்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தையதும் என்றால், இந்த இடத்தில் டிஸ்க்கே தெரியாமல் போகலாம். எஸ்எஸ்டி கெடவில்லை. இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பிரித்தெடுத்து பென்டிரைவில் போட்டு, "லோட் டிரைவர்" பொத்தானில் காட்டினால் தெரியும்.)

ஃபைல்கள் காப்பியாகி முதல்முறை ரீஸ்டார்ட் ஆகும்போது பென்டிரைவை உருவிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி பென்டிரைவிலிருந்தே தொடங்கி மொழி கேட்கும் முதல் திரைக்கு வந்துவிடக்கூடும். நிறுவல் தோற்றுவிட்டது என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் நெட் வேண்டும். வைஃபை தெரியவில்லை என்றால் ஆண்ட்ராய்ட் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். டிரைவர் எதுவும் போடாமலே நெட் வரும். செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குள் ஆக்டிவேஷனைப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று இருக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எது இருக்கிறதோ அதற்கு மட்டும் நிறுவனத் தளத்திலிருந்து டிரைவர் போடுங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வரும் நிரல்கள் வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன ப்ரோ பற்றி. மதர்போர்டில் இருக்கும் கீ ப்ரோவுக்கு உதவாது. விலைக்கு வாங்கிய கீ இல்லாமல் அதை ஆக்டிவேட் செய்யும் கள்ள நிரல்கள் முதலில் கேட்பதே, ஆன்டிவைரஸை அணை என்பதுதான். அவற்றோடு சேர்ந்து வேறென்ன உள்ளே போகிறது என்று போடுபவருக்கே தெரியாது. மூன்று வியாபாரிகளின் ஜிஎஸ்டி லாகின், உங்கள் வங்கிக் கணக்கு, எல்லாம் அந்த ஒரே கணினியில் இருக்கின்றன. உங்களை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்களுக்காகவாவது இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கடையிலேயே செய்யச் சொல்வதானால், "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் போடுங்கள், கீ பயாஸில் இருக்கிறது, ஆக்டிவேட்டர் எதுவும் வேண்டாம்" என்று கேளுங்கள். செய்யத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. உங்கள் ஏழாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. குறுக்குவழியில் 11 போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். 4 ஜிபி ரேமில் அது தவழும், பின்னால் அப்டேட் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நீட்டித்த அப்டேட் திட்டம் ஒன்றை அறிவித்தது, 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 வரை அப்டேட் செய்துவிட்டால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான பதிவு இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைச் சிங்க் செய்தால் பணம் கட்டாமலே சேரலாம். அந்தத் தேதிக்குப் பிறகு வங்கி, ஜிஎஸ்டி வேலைகளை வேறு கணினிக்கு மாற்றிவிட்டு, இதை நெட் இல்லாமல் டைப்பிங்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே, டேலி திறக்கிறதா, பழைய கேள்வித்தாள் ஒன்று சரியான எழுத்தில் தெரிகிறதா என்று பார்த்த பிறகு, ஸ்டார்ட் மெனுவில் "கிரியேட் எ ரெகவரி டிரைவ்" என்று தேடி, 16 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென்டிரைவில் ஒன்று செய்துகொள்ளுங்கள். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கும் டிக்கை எடுக்காமல் விடுங்கள். அதன்மேல் லேப்டாப்பின் மாடலையும் தேதியையும் எழுதி ஒட்டி, பேக்கப் டிஸ்க்கோடு பீரோவில் வையுங்கள்.